விபத்தில் மண்ணீரல் கிழிந்தால்: ஆபரேஷன் பற்றி உறவினர்கள் கேட்கும் கேள்விகள்

விபத்து சிகிச்சைப் பிரிவின் வாசலில் என்னைச் சூழ்ந்துகொள்ளும் உறவினர்கள் எத்தனையோ விதமாகக் கேட்டாலும் அடியில் இருப்பவை இரண்டு கேள்விகள்தான். வயிற்றைத் திறக்காமல் காப்பாற்ற முடியுமா? திறந்து மண்ணீரலை எடுத்துவிட்டால் அப்புறம் எப்படி வாழ்வார்? முதல் கேள்விக்கு அந்த இரவே நாங்கள் பதில் சொல்லிவிடுகிறோம். இரண்டாவதற்கு உரிய பதில் பல வீடுகளுக்குப் போய்ச் சேருவதே இல்லை. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

மண்ணீரல் எங்கே இருக்கிறது? அடிபட்டால் ஏன் இவ்வளவு பயப்படுகிறீர்கள்?

வயிற்றின் இடது மேல்பகுதியில், 9, 10, 11-ஆம் விலா எலும்புகளின் மறைவில் இருக்கிறது. கைமுட்டி அளவுதான், பெரியவர்களுக்குச் சுமார் 150 கிராம். ஆட்டிறைச்சிக் கடையில் சுவரொட்டி வாங்கியவர்களுக்கு அதன் தன்மையை விளக்க வேண்டியதில்லை. அதுதான் ஆட்டின் மண்ணீரல். மேலே மெல்லிய தோல், உள்ளே ரத்தம் ஊறிய பஞ்சு. விரலால் அழுத்தினாலே பிளந்துவிடும். மனித மண்ணீரலும் அப்படித்தான்.

இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஏறத்தாழ 5 சதவீதம் இந்தச் சிறிய உறுப்புக்குப் போகிறது. பைக்கிலிருந்து விழுந்து இடது விலா தரையில் மோதும்போதும், கார் ஸ்டீயரிங் வயிற்றில் இடிக்கும்போதும், மாடியிலிருந்து தவறி விழும்போதும் தோலில் ஒரு கீறல்கூட இல்லாமல் உள்ளே அது கிழியலாம். ரத்தம் வெளியே வராது. வயிற்றுக்குள் லிட்டர் கணக்கில் தேங்கும். மலேரியா, கல்லீரல் சுருக்கம் போன்றவற்றால் ஏற்கெனவே வீங்கிய மண்ணீரலாக இருந்தால் சிறு அடியே போதும்.

வெளியில் காயமே இல்லை, நடந்துதான் வந்தார். பிறகு எப்படி ஆபத்து?

நடந்து வந்தவர்கள்தான் எங்களை அதிகம் ஏமாற்றுகிறார்கள். இளவயதுக்காரரின் உடல் ரத்த இழப்பை நெடுநேரம் தாங்கிப் பிடிக்கும். மொத்த ரத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு வெளியேறும் நிலை வரும்வரைகூட ரத்த அழுத்தம் பார்ப்பதற்குச் சரியாகவே இருக்கலாம். அதற்கு முன்பே நாடித்துடிப்பு கூடியிருக்கும், கை கால் சில்லிட்டிருக்கும், நெற்றி வியர்த்திருக்கும், தாகம் எடுக்கும், காரணமில்லாமல் பதற்றப்படுவார். விபத்துக்குப் பிறகு ஒருவர் திரும்பத் திரும்பத் தண்ணீர் கேட்டால் அதை அலட்சியம் செய்யாதீர்கள்.

இன்னோர் அடையாளம், இடது தோளின் முனையில் வலி. தோளில் அடியே பட்டிருக்காது, ஆனாலும் வலிக்கும். வயிற்றில் தேங்கிய ரத்தம், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத் திரையான உதரவிதானத்தை உறுத்துவதால், அதே நரம்பு வேர்களின் வழியே அந்த வலி தோளில் தெரிகிறது. படுக்க வைத்தால் கூடும்.

ஒரு பதினோரு வயதுப் பையன் நினைவுக்கு வருகிறான். சைக்கிளில் திரும்பும்போது விழுந்திருக்கிறான். கைப்பிடியின் முனை வயிற்றில் குத்தியது. இடது விலாவுக்குக் கீழே ஒரு ரூபாய் நாணயம் அளவில் வட்டமாக ஒரு சிவந்த தடம், அவ்வளவுதான். அம்மா தேங்காய் எண்ணெய் தடவிப் படுக்க வைத்துவிட்டார். இரவு "தோள் வலிக்கிறது" என்று அழுதிருக்கிறான். அந்த ஒரு வார்த்தையால்தான் அவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஸ்கேனில் மண்ணீரலின் கீழ்ப்பாதி ஆழமாகக் கிழிந்திருந்தது.

முதலில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 13 என்று வந்ததே?

ரத்தம் அணுக்களும் நீருமாகச் சேர்ந்தே வெளியேறுவதால் எஞ்சியிருக்கும் ரத்தத்தின் அடர்த்தி உடனே மாறாது. உடலின் நீர் ரத்தநாளங்களுக்குள் இழுக்கப்பட்டு, குளுக்கோஸ், சலைன் ஏறிய பிறகுதான் எண் இறங்கும். அதனால் முதல் எண்ணை வைத்து யாரும் நிம்மதி அடைய வேண்டாம். சில மணி நேர இடைவெளியில் திரும்பத் திரும்ப எடுக்கிறோமே, அந்த எண்களின் போக்குதான் பேசும்.

எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?

படுக்கையருகிலேயே அல்ட்ராசவுண்ட் கருவியை வயிற்றின் மீது வைத்து, கல்லீரலை அடுத்து, மண்ணீரலை அடுத்து, இடுப்புக்குழியில், இதயத்தைச் சுற்றி என்று நான்கு இடங்களில் ரத்தம் தேங்கியிருக்கிறதா என்று பார்க்கிறோம். சில நிமிட வேலை. ரத்தம் இருக்கிறதா என்பதை அது சொல்லும். எந்த உறுப்பு எவ்வளவு கிழிந்திருக்கிறது என்பதைச் சொல்வதில் அது நம்பகமானதல்ல. அதற்கு, நரம்பில் மருந்து செலுத்தி எடுக்கும் சிடி ஸ்கேன் வேண்டும்.

ஆனால் ரத்த அழுத்தம் நிலைக்காத நோயாளியை ஸ்கேன் அறைக்கு அனுப்பக் கூடாது. அவர் போக வேண்டிய இடம் ஆபரேஷன் தியேட்டர். "ஸ்கேன்கூட எடுக்காமல் கத்தி வைத்துவிட்டார்கள்" என்று பிறகு கோபப்படுபவர்கள் உண்டு. அந்த அவசரத்துக்குக் காரணம் இதுதான்.

ஸ்கேன் அறிக்கையில் 'கிரேடு 3', 'கிரேடு 4' என்று எழுதியிருக்கிறார்களே?

காயத்தை ஐந்து நிலைகளாகப் பிரிக்கிறார்கள். ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான ஆழமுள்ள கிழிசல் முதல் நிலை. ஒன்று முதல் மூன்று சென்டிமீட்டர் வரை இரண்டாவது. மூன்றைத் தாண்டினால் மூன்றாவது. பெரிய ரத்தநாளக் கிளை அறுந்து மண்ணீரலின் கால் பங்குக்கு மேல் ரத்தம் போகாமல் நின்றாலோ, மண்ணீரலைப் போர்த்திய மெல்லிய தோலுக்குள்ளேயே ரத்தம் பீறிட்டுக்கொண்டிருந்தாலோ நான்காவது. முற்றிலும் நொறுங்கிப்போனால், அல்லது ரத்தம் மண்ணீரலைத் தாண்டி வயிற்றுக்குள் பாய்ந்துகொண்டிருந்தால் ஐந்தாவது. மண்ணீரலின் அந்த மெல்லிய தோலுக்கடியில் கட்டிய ரத்தக்கட்டின் அளவும் இந்தக் கணக்கில் சேரும்.

ஆனால் ஆபரேஷனை முடிவு செய்வது இந்த எண் மட்டுமல்ல. நான்காம் நிலைக் காயத்தோடு நாடி நிதானமாக இருப்பவரை வார்டிலேயே குணப்படுத்தியிருக்கிறோம். இரண்டாம் நிலை என்று எழுதப்பட்டவர் நள்ளிரவில் நிலைகுலைந்து தியேட்டருக்குப் போனதும் உண்டு. நோயாளியைப் பார்க்க வேண்டும், பிறகுதான் படத்தை.

ஆபரேஷன் இல்லாமல் ஆறுமா?

ஆறும். இன்று பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான் ஆறுகிறது. குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கத்தியே தேவைப்படுவதில்லை.

இந்த நம்பிக்கை எளிதில் வந்ததல்ல. நோபல் பரிசு பெற்ற தியோடர் கோக்கர் போன்ற மேதைகளே, காயம்பட்ட மண்ணீரலை எடுத்துவிட வேண்டும், எடுப்பதால் கெடுதல் எதுவும் வராது என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உறுதியாக எழுதினார்கள். பல பத்தாண்டுகள் உலகம் அதைப் பின்பற்றியது. கனடாவின் டொராண்டோ குழந்தைகள் மருத்துவமனையில்தான், படுக்கையில் வைத்துக் கவனித்தாலே குழந்தைகள் பிழைக்கிறார்கள் என்று கண்டுகொண்டார்கள். அந்த அனுபவத்தை 1968-இல் கட்டுரையாக வெளியிட்ட இருவரில் ஒருவர் இந்தியர், பின்னாளில் தில்லி எய்ம்ஸில் பணியாற்றிய டாக்டர் பி. உபாத்யாயா. நம் நாட்டு மருத்துவ மாணவர்களே அதிகம் அறியாத செய்தி இது. அறிந்திருக்க வேண்டும்.

பெரியவர்கள் விஷயத்தில் கொஞ்சம் எச்சரிக்கை தேவை. அமெரிக்காவில் 27 மையங்களில் 1,488 பேரைக் கவனித்து 2000-இல் வெளியான ஆய்வில், 38.5 சதவீதத்தினர் நேராக ஆபரேஷனுக்குப் போனார்கள். காத்திருந்து பார்த்தவர்களில் 10.8 சதவீதத்தினருக்குப் பிறகு ஆபரேஷன் தேவைப்பட்டது. காயத்தின் நிலையைப் பொறுத்து இது பெரிதும் மாறியது: முதல் நிலையில் சுமார் 5 சதவீதம், மூன்றாம் நிலையில் சுமார் 20, ஐந்தாம் நிலையில் 75. அப்படிக் காத்திருப்பு பலிக்காமல் போனவர்களில் பத்தில் ஆறு பேருக்கு அது முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே நடந்துவிட்டது.

அப்படியென்றால் சும்மா படுக்க வைத்துப் பார்ப்பதுதானே? அதற்கு ஏன் தீவிர சிகிச்சைப் பிரிவு?

ஐயா, அம்மா, இது சும்மா இருப்பது இல்லை. நாடி, ரத்த அழுத்தம், சிறுநீர் அளவு எல்லாம் மணிக்கொரு முறை குறிக்கப்படுகின்றன. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுக்கிறோம். ஒரே மருத்துவர் திரும்பத் திரும்ப வயிற்றைத் தொட்டுப் பார்க்கிறார். ரத்த வங்கியில் அவருடைய பிரிவு ரத்தம் எடுத்து வைக்கப்பட்டிருக்கிறது. தியேட்டர் எந்த நேரமும் தயார். இத்தனையும் இல்லாத இடத்தில் காத்திருப்பது தவறு. இரவில் மயக்க மருந்து நிபுணர் இல்லாத மருத்துவமனையில் நான்காம் நிலைக் காயத்தை வைத்துக்கொண்டு விடியட்டும் என்று இருக்கக் கூடாது. நோயாளி நிதானமாக இருக்கும்போதே பெரிய மருத்துவமனைக்கு மாற்றிவிட வேண்டும்.

கத்தி வைக்காமல் ரத்தக்குழாயை அடைக்கலாம் என்கிறார்களே?

தொடையிடுக்கிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, மண்ணீரலுக்குப் போகும் தமனிக்குள் சிறு உலோகச் சுருள்களை வைப்பார்கள். இதயத்துக்கு ஆஞ்சியோ செய்வதைப் பார்த்தவர்களுக்கு உடனே புரியும். மூலத் தமனியை அடைத்தால் மண்ணீரல் செத்துவிடாதா என்று கேட்பார்கள். இரைப்பையிலிருந்து வரும் சிறு நாளங்கள் வழியே அதற்கு ரத்தம் கிடைத்துக்கொண்டே இருக்கும். பாயும் வேகமும் அழுத்தமும் மட்டும் குறையும். கிழிசல் ஆற அது போதும். ஸ்கேனில் ரத்தம் கசிவது தெரிந்தாலும், தமனிச் சுவர் குமிழாக உப்பியிருந்தாலும், நான்காம் ஐந்தாம் நிலைக் காயத்தோடு நோயாளி நிதானமாக இருந்தாலும் இது நல்ல வழி. பிறகு சில நாள் காய்ச்சல், இடது விலாவில் வலி இருக்கலாம். சிலருக்கு அடைபட்ட பகுதி சீழ்க் கட்டியாகும். சிலருக்கு மறுபடி ரத்தம் கசியும்.

வசதி உள்ள ஊர்களில் இது பல மண்ணீரல்களைக் காப்பாற்றுகிறது. எல்லா மாவட்டத்திலும் இரவு நேரத்தில் இது கிடைக்கிறது என்று சொல்ல எனக்கும் ஆசைதான்.

எப்போது ஆபரேஷன் தவிர வழியில்லை?

ரத்தமும் திரவமும் ஏற்றியும் அழுத்தம் நிலைக்காதபோது. குடல், கணையம், உதரவிதானம் போன்ற வேறு உறுப்பும் கிழிந்திருக்கும் என்ற சந்தேகம் வரும்போது. காத்திருக்கும் காலத்தில் ரத்தம் ஏற்ற ஏற்ற ஹீமோகுளோபின் இறங்கிக்கொண்டே போகும்போது.

உள்ளே என்னதான் செய்கிறீர்கள்?

பலர் கேட்கத் தயங்கும் கேள்வி. தெரிந்துகொள்வது நல்லது.

மயக்க மருந்து கொடுத்ததும் அழுத்தம் சட்டென்று சரியக்கூடும். அதனால் வயிற்றைச் சுத்தம் செய்து, துணி போர்த்தி, கத்தி கையில் இருக்கும் நிலையில்தான் மயக்கம் கொடுப்பார்கள். நெஞ்செலும்பின் கீழ்முனையிலிருந்து நடுவயிற்றில் நீளமாகத் திறக்கிறோம். வயிற்றின் உள்ளுறையைத் திறந்தவுடன் தேங்கியிருந்த ரத்தம் பொங்கி வரும். நான்கு மூலைகளிலும் பெரிய துணிப் பஞ்சுகளை அடைக்கிறோம். பிறகு கை. இடது விலாவுக்கு அடியில் கையை நுழைத்து, மண்ணீரலைப் பின்புறமிருந்து அணைத்து நடுவுக்குக் கொண்டுவருகிறோம். பின்னால் அதைப் பிடித்திருக்கும் மெல்லிய மடிப்பை வெட்டினால் அது காயத்தின் வாய்க்கு எழும்பி வரும். அதன் காம்பை, தமனியும் சிரையும் நுழையும் அந்த இடத்தை, இரண்டு விரல்களுக்கு நடுவே பிடித்தால் ரத்தம் நின்றுவிடும்.

அந்தக் கணத்தில் தியேட்டரே மூச்சு விடும். உடனே வெட்டுவதில்லை. விரலை எடுக்காமல் நிற்கிறோம். தலைமாட்டில் மயக்க மருந்து நிபுணர் ரத்தப் பைகளை ஒவ்வொன்றாக ஏற்றி அழுத்தத்தைத் தூக்கி நிறுத்துகிறார். அதற்குப் பிறகுதான் இரைப்பையோடு இணைக்கும் சிறு நாளங்களையும், காம்பில் தமனியையும் சிரையையும் கட்டி அறுக்கிறோம். கணையத்தின் வால் அந்தக் காம்பை ஒட்டியே கிடக்கும். அதில் காயம் பட்டால் கணைய நீர் கசிந்து வாரக்கணக்கில் தொல்லை தரும். அவசரத்திலும் அவசரப்படக் கூடாத இடம் அது.

எடுத்து முடித்ததும் வேலை முடிவதில்லை. உதரவிதானம், இரைப்பை, குடல், இடது சிறுநீரகம், கல்லீரல் எல்லாவற்றையும் தடவிப் பார்த்த பிறகே மூடுகிறோம்.

முழுதாக எடுக்காமல் தைக்க முடியாதா?

முடியும். கரையும் நூலால் தைப்பது, கரையும் வலைப்பை போட்டு இறுக்குவது, கிழிந்த பாதியை மட்டும் அகற்றுவது என்று வழிகள் உண்டு. பாதியளவு மண்ணீரல் மிஞ்சினாலும் அது வேலை செய்யும். ஆனால் தைத்தால் நிற்கக்கூடிய காயங்கள் இப்போது ஆபரேஷன் இல்லாமலே ஆறிவிடுகின்றன. எங்கள் கத்திக்கு வருபவை பெரும்பாலும் நொறுங்கியவை. ரத்த அழுத்தம் 70-இல் இருப்பவருக்கு ஒரு மணி நேரம் செலவிட்டு மண்ணீரலைத் தைப்பது உறுப்பைக் காத்து உயிரை விடுவதாகும்.

துண்டுகளை வயிற்றுக்குள்ளேயே பதித்து வைத்தால் வளரும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். உயிரோடு இருக்கும். தொற்றிலிருந்து போதுமான பாதுகாப்புத் தரும் என்று மட்டும் நம்பி இருக்க முடியாது. தடுப்பூசி கட்டாயம் வேண்டும்.

ஆபரேஷனுக்குப் பிறகு மருத்துவமனையில் என்ன எதிர்பார்க்கலாம்?

வேறு காயம் இல்லையென்றால் ஒரு வாரம், பத்து நாள். வலியால் ஆழ்ந்து மூச்சு விடாமல் இருந்தால் இடது நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிச் சளி கட்டும். மூச்சுப் பயிற்சியை நர்ஸ் சொல்லும்போது சலித்துக்கொள்ளாமல் செய்ய வையுங்கள். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் எண்ணிக்கை ஏறும், பத்து லட்சத்தைத் தாண்டினால் ஆஸ்பிரின் தரக்கூடும். குறையாத வயிற்று வலியும் காய்ச்சலும் இருந்தால் சீழ்க் கட்டியையும், கல்லீரலுக்குப் போகும் சிரையில் ரத்தம் உறைந்திருப்பதையும் தேட வேண்டும்.

மண்ணீரல் இல்லாமல் வாழ முடியுமா?

வாழலாம், முழு ஆயுளும். ஆனால் ஒரு காவல்காரனை இழந்த வீடு அது. சில கிருமிகளுக்கு மேலே வழவழப்பான ஒரு போர்வை உண்டு: நிமோகாக்கஸ், மெனிஞ்சோகாக்கஸ், ஹீமோஃபிலஸ். இவற்றை ரத்தத்திலிருந்து வடிகட்டி அழிப்பதில் மண்ணீரலுக்கு நிகர் இல்லை. 1952-இல் அமெரிக்காவில் கிங், ஷூமேக்கர் என்ற இரு மருத்துவர்கள், ரத்த நோய்க்காக மண்ணீரல் எடுக்கப்பட்ட ஐந்து கைக்குழந்தைகளுக்குக் கடுமையான தொற்று வந்ததையும், அவர்களில் இருவர் இறந்ததையும் எழுதினார்கள். மண்ணீரலை எடுத்தால் கெடுதல் இல்லை என்ற நம்பிக்கையை முதலில் அசைத்தது அந்தக் கட்டுரை.

இந்தத் தொற்று அரிது. வந்தால் மிகக் கொடியது. காலையில் சாதாரணக் காய்ச்சல், உடம்பு வலி. இரவில் ரத்த அழுத்தமே இல்லாத நிலை. பாதிப் பேர் வரை இறக்க நேரிடலாம். முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் அபாயம் அதிகம். ஆனால் இருபது ஆண்டு கழித்தும் வரும்.

ஒருமுறை காய்ச்சலோடு வந்த நடுவயதுக்காரரின் வயிற்றில் பழைய நீளத் தழும்பைப் பார்த்து, என்ன ஆபரேஷன் என்று கேட்டேன். "பத்து வருஷம் முன்னாடி பைக் விபத்து, ரத்தம் கட்டியிருக்குன்னு எடுத்தாங்க" என்றார் மனைவி. எதை எடுத்தார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. ஒரு தடுப்பூசியும் போடப்படவில்லை. அந்த இரவு நாங்கள் தோற்றுப்போனோம். அந்தப் பெண்மணி கையில் வைத்திருந்த மஞ்சள் பையில் பழைய மருந்துச் சீட்டுகள் எல்லாம் இருந்தன, இந்த ஒரு செய்தியைத் தவிர.

என்னென்ன தடுப்பூசி, எப்போது?

அவசர ஆபரேஷனுக்குப் பின் 14-ஆம் நாள் போடுவது சிறந்தது. ஆனால் திரும்பி வருவாரா என்ற சந்தேகம் இருந்தால் வீட்டுக்கு அனுப்பும் முன்பே போட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நிமோனியாக் கிருமிக்கு (நிமோகாக்கஸ்) முதலில் இணைப்பு வகை (கான்ஜுகேட்) தடுப்பூசி, எட்டு வாரம் கழித்து 23 வகைக் கிருமிகளுக்கான ஊசி, அதை ஐந்து ஆண்டு கழித்து மீண்டும் ஒருமுறை. மூளைக்காய்ச்சல் கிருமிக்கு (மெனிஞ்சோகாக்கஸ்) எட்டு வார இடைவெளியில் இரண்டு, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை தொடர் ஊசி. ஹீமோஃபிலஸ் பி ஒருமுறை. ஃப்ளூ ஊசி ஆண்டுதோறும். சிறு குழந்தைகளுக்குத் தினசரி பென்சிலின் மாத்திரையும் சில ஆண்டுகளுக்குத் தேவைப்படும்.

காய்ச்சல் வந்தால்?

100.4 டிகிரியைத் தாண்டினாலோ, குளிர் நடுக்கம் வந்தாலோ, வீட்டில் எப்போதும் வைத்திருக்கும்படி மருத்துவர் எழுதித்தந்த ஆன்டிபயாடிக்கின் முதல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு உடனே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். காலையில் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். உள்ளே நுழைந்ததும் முதல் வாக்கியமாக "இவருக்கு மண்ணீரல் இல்லை" என்று சொல்லுங்கள். அதை ஓர் அட்டையில் எழுதிப் பர்ஸில் வைத்திருங்கள்.

நாய் கடித்தாலும் இப்படித்தான். ரேபிஸ் ஊசி போட்டதோடு நிற்கக் கூடாது. நாயின் எச்சிலில் இருக்கும் ஒருவகைக் கிருமி மண்ணீரல் இல்லாதவர்களைக் கொல்லக்கூடியது. ஆன்டிபயாடிக்கும் கேட்டு வாங்குங்கள். மலேரியா உள்ள ஊருக்குப் பயணம் என்றால் தடுப்பு மாத்திரை இல்லாமல் போக வேண்டாம்.

சுவரொட்டி சாப்பிட்டால் மண்ணீரல் வளருமா?

வளராது. இரும்புச்சத்து கிடைக்கும், ரத்தம் இழந்தவருக்கு அது நல்லதே. நன்றாக வேக வைத்துக் கொடுங்கள்.

ஆபரேஷன் இல்லாமல் ஆறியவர் எப்போது வேலைக்குப் போகலாம்?

குழந்தைகளுக்கு ஒரு எளிய கணக்கு உண்டு: காயத்தின் நிலையோடு இரண்டைக் கூட்டினால் வரும் வாரங்கள் வரை ஓட்டம், விளையாட்டு கூடாது. அந்தச் சைக்கிள் பையனுக்கு மூன்றாம் நிலை. ஐந்து வாரம் அவனை வீட்டில் உட்கார வைக்க அவன் அம்மா பட்ட பாடு பெரிது. பெரியவர்கள் ஆறு முதல் பன்னிரண்டு வாரம் வரை மூட்டை தூக்குதல், பைக் பயணம், கபடி போன்ற மோதல் விளையாட்டுகளைத் தவிர்க்க வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகும், குறிப்பாக முதல் இரண்டு வாரங்களில், திடீர் வயிற்று வலி, தோள் வலி, மயக்கம் வந்தால் உடனே 108-ஐ அழையுங்கள். தாமதமாகக் கிழியும் மண்ணீரலும் உண்டு.

செலவுக்கு என்ன செய்வது?

தமிழ்நாட்டு எல்லைக்குள் நடக்கும் சாலை விபத்து என்றால், 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், அதில் இணைந்த அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. எந்த மாநிலத்தவர் என்றும் பார்க்க மாட்டார்கள். மேலே சொன்ன ஆய்வை நினைத்துப் பாருங்கள்: மண்ணீரல் காயத்தில் விதியைத் தீர்மானிக்கும் மணி நேரங்கள் பெரும்பாலும் அந்த 48-க்குள் அடங்கிவிடுகின்றன. பணம் புரட்டுவதற்காக நேரத்தைக் கடத்தாதீர்கள்.

பெண்பிள்ளைக்கு மண்ணீரலை எடுத்துவிட்டார்கள். இனி கல்யாணம், குழந்தை?

இதைக் கேட்கும்போது தாய்மார்களின் குரல் தாழ்ந்துவிடும். எந்தத் தடையும் இல்லை, அம்மா. கருத்தரிப்பதற்கும் மண்ணீரலுக்கும் தொடர்பே கிடையாது. வேலைக்குப் போகலாம், விளையாடலாம், பிள்ளை பெறலாம். கர்ப்பமானதும் முதல் முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, ஆபரேஷன் விவரம் எழுதிய டிஸ்சார்ஜ் சீட்டையும் தடுப்பூசி அட்டையையும் எடுத்துப் போகச் சொல்லுங்கள். அந்த இரண்டு காகிதங்களையும் இப்போதே பிளாஸ்டிக் உறையில் போட்டு, ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில் வைத்துவிடுங்கள்.